ஷேர் பண்ணியாச்சு, அப்புறம் போன் பண்ணப்போவது யார்?

சோஷியல் மீடியாவால் ஊருக்கு ஏதாவது நல்லது நடக்குமா என்று கேட்டால் நம்மூரில் இரண்டே பதில்தான் வரும். ஒரு கூட்டம் 2015 சென்னை வெள்ளத்தையும் 2017 மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தையும் சொல்லி மார்தட்டும். இன்னொரு கூட்டம் வாட்ஸ்அப் வதந்திகளைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்ளும். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், எல்லாமே நம் கண்முன்னால் நடந்தது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் சாமி கும்பிடப் போன குடும்பத்தை, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள் என்பதற்காகப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். அதற்கு முன்பு பல நாட்களாக எல்லார் போனிலும் பிள்ளை பிடிக்கும் கும்பல் பற்றிய ஆடியோவும் வீடியோவும் சுற்றிக்கொண்டிருந்தன. அதே வாட்ஸ்அப், கிட்டத்தட்ட அதே ஜனங்கள், மூன்று வருடத்துக்கு முன்னால் முகம் தெரியாத ஆட்களுக்குப் படகு ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? மனசு நல்லதா கெட்டதா என்பதில் இல்லை. வதந்தியை ஃபார்வர்ட் செய்தவரும் 'நாலு பேருக்குப் பயன்படட்டும்' என்றுதான் செய்தார். வந்த செய்திக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருந்ததா, அந்தப் பட்டியலில் உள்ள எண்ணுக்குத் திரும்பப் போன் பண்ணி "நிஜமா? இன்னும் வேணுமா? முடிஞ்சுதா?" என்று கேட்க ஆள் இருந்தாரா, இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

2015ஐக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அந்த நவம்பரிலேயே சென்னையில் 1918க்குப் பிறகு காணாத மழை கொட்டி, ஏரிகளெல்லாம் தளும்பி நின்றன. டிசம்பர் 1 அன்று தாம்பரம் பக்கம் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று இரவு விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், விடிவதற்குள் முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாற்றங்கரை முழுக்க வீடுகள் தண்ணீருக்குள் நின்றன. விமான நிலையத்தை மூடினார்கள். ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாமல் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை, 1878இல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல்முறை. கரண்ட் இல்லை, பாதி இடங்களில் டவர் இல்லை, டிவி ஓடவில்லை.

ட்விட்டரில் 'சென்னைரெயின்ஸ்ஹெல்ப்', 'சென்னைரெஸ்க்யூ' போன்ற ஹேஷ்டேக்குகள் ஓடியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆர்.ஜே. பாலாஜியும் சித்தார்த்தும் 'சென்னைமைக்ரோ' என்று ஒன்றைத் தொடங்கி ஆட்களையும் பொருட்களையும் திரட்டினார்கள். ஃபேஸ்புக் 'நான் பத்திரமாக இருக்கிறேன்' என்று சொல்லும் வசதியைத் திறந்துவிட்டது. ஆனால் இதில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு சங்கதி உண்டு. தண்ணீரில் மாட்டியவரின் போனில் சார்ஜ் இருக்காது, ட்வீட் போடும் நிலையிலும் அவர் இருக்கமாட்டார். கடைசிச் சார்ஜில் அவர் பெங்களூரில் இருக்கும் தம்பிக்கோ அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கோ ஒரு போன் பண்ணியிருப்பார், அந்தத் தம்பியும் மகளும்தான் கத்தினார்கள். கேட்டுக்கொண்டு வேலை செய்தவர்களிலும் நிறையப் பேர் காய்ந்த ஊரில், கரண்ட்டும் நெட்டும் இருக்கும் ஊரில் உட்கார்ந்திருந்தவர்கள். வெள்ளம் ஒரு ஊரில், கன்ட்ரோல் ரூம் இன்னொரு நாட்டில் என்பதைச் சாத்தியமாக்கியதுதான் அன்றைக்கு இந்த மீடியா செய்த பெரிய காரியம். களத்தில் படகை இழுத்தவர்கள் ராணுவமும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் மீனவர்களும் அக்கம்பக்கத்துப் பையன்களும்தான், அதில் சந்தேகமே வேண்டாம். எந்தத் தெருவுக்கு இழுக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் அந்தப் பக்கத்தில் ஆள் தேவைப்பட்டது.

அப்படித் தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்றால், கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்தார்கள். அவ்வளவுதான். தேவைகளுக்கு ஒரு பக்கம், தங்க இடம் தருகிறேன், சாப்பாடு தருகிறேன், படகு வைத்திருக்கிறேன் என்று முன்வந்தவர்களுக்கு இன்னொரு பக்கம். அது வளர்ந்து தனி இணையதளமே ஆனது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் எந்தெந்தத் தெரு மூழ்கியிருக்கிறது என்று மக்களே குறித்துக் கொடுத்த வேலையும் அப்போது நடந்தது. பார்க்கப் பிரமாதமாக ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த ஷீட்டில் 'நிலை' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதுதான் உயிர். ஏனென்றால் ஒரு கோரிக்கையை நூறு பேர் பகிர்ந்தால் அது நூறு கோரிக்கையாகத் தெரியும், பாட்டியை மதியமே மீட்டுவிட்ட வீட்டுக்கு ராத்திரி இன்னொரு படகு போகும், அந்த நேரத்தில் அடுத்த தெருவில் நிஜமாகவே மாடியில் நிற்பவர் கையசைத்துக்கொண்டு இருப்பார். இதைத் தடுக்க ஒரே வழி, யாராவது ஒருவர் பொறுமையாக அந்த எண்ணைக் கூப்பிட்டு, எடுக்காவிட்டால் மாற்று எண்ணைக் கூப்பிட்டு, எத்தனை பேர், எந்த மாடி, முடியாதவர் யாராவது உண்டா, தண்ணீர் எந்த மட்டத்தில், பக்கத்தில் கோயிலா பள்ளிக்கூடமா என்று கேட்டு, நேரத்தோடு எழுதிவைப்பது. 'மீட்டாகிவிட்டது' என்று ஒரு வரி விழுந்தவுடன் அடுத்த எண். இந்த வேலைக்கு லைக்கும் வராது, வைரலும் ஆகாது.

உதாரணத்துக்கு இந்த மாதிரி ஒரு செய்தி. "அவசரம்!!! மடிப்பாக்கத்தில் கைக்குழந்தையுடன் குடும்பம் தவிப்பு. யாராவது உதவுங்கள். அதிகம் பகிரவும்." இதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது, மனசு பதறலாம், அவ்வளவே. இதையே "டிசம்பர் 2, காலை 9.40. மடிப்பாக்கம், இன்ன தெரு, இன்ன கதவு எண், பிள்ளையார் கோயில் எதிரில். முதல் மாடியில் 5 பேர், 8 மாதக் குழந்தை ஒன்று. தெருவில் இடுப்பளவு தண்ணீர். பால் பவுடரும் குடிதண்ணீரும் போதும், வெளியே வரத் தேவையில்லை. அவர்கள் போன் ஆஃப், அண்ணன் எண் இது, கடைசியாகப் பேசியது 8.15" என்று எழுதிவிட்டால் படகே தேவையில்லை என்பது தெரிந்துவிடுகிறது. ஒரு படகு மிச்சம். 'அதிகம் பகிரவும்' என்ற வரியை எடுத்துவிட்டு 'உதவி கிடைத்தவுடன் இந்தப் பதிவை நீக்கிவிடுவேன்' என்று போட்டுப் பாருங்கள், பதிவின் குணமே மாறிவிடும்.

வதந்தியும் அதே வாரத்தில்தான் வந்தது. மாமல்லபுரம் அருகே இருக்கும் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துத் தெருவில் நீந்துகின்றன என்று ஒன்று. பண்ணைக்காரர்கள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று மறுப்பு வெளியிட வேண்டிவந்தது. 250 செ.மீ. மழை வரப்போவதாக நாசா சொன்னது என்று இன்னொன்று. இதற்கு மருந்தாக வந்தவர்தான் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான். அவர் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் மழை வரும் என்று சொன்னது அல்ல, அதை எல்லாரும்தான் சொன்னார்கள். இன்று ராத்திரி பயப்படும்படி ஒன்றும் இல்லை, போய்த் தூங்குங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். பயமுறுத்தினால் ஷேர் ஏறும் என்று தெரிந்தும் அதைச் செய்யாமல் இருப்பவரைத்தான் நெருக்கடியில் ஊர் தேடுகிறது.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை சுற்றிய செய்தி என்றால் ஒரு சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாது என்று ஆக்கினார்கள். வதந்தியின் வேகம் இதனால் குறைந்திருக்கும். ஆனால் உண்மையான உதவிக் கோரிக்கைக்கும் அதே கட்டுப்பாடுதான் என்பதால், ஃபார்வர்டை நம்பி இருப்பதை விட ஒரு லிங்க்கைக் கொடுத்து அதில் தகவலைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஃபார்வர்ட் ஆகிப்போன செய்தியை யாரும் திருத்த முடியாது, லிங்க்கில் இருப்பதைத் திருத்தலாம்.

சரி, இவ்வளவு நல்லதைச் சொன்னோம், இதன் பெரிய ஓட்டையையும் சொல்ல வேண்டும். சிக்னல் உள்ளவன் சத்தம்தான் கேட்கும். 2015லேயே கடலூர் மாவட்டம் சென்னைக்கு முன்னால், நவம்பர் இரண்டாம் வாரத்திலேயே மூழ்கியது. எத்தனை ஹேஷ்டேக் பார்த்தோம்? சென்னை மூழ்கிய பிறகுதான் 'கடலூரையும் கவனியுங்கள்' என்ற குரல் எடுபட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது இன்னும் மோசம். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, டவர்கள் விழுந்தன, தென்னந்தோப்புகள் தரையில் படுத்துவிட்டன. விழுந்த தென்னைக்குப் பதிலாகப் புதிதாக நட்டால் காய்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும், அதாவது ஒரு குடும்பத்தின் வருமானமே அப்படியே போய்விட்டது. ஆனால் முதல் இரண்டு நாள் இணையத்தில் அரசு முன்னேற்பாட்டுக்குப் பாராட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் திட்ட வேண்டியவர்களிடம் போன் வேலை செய்யவில்லை. டெல்டாவில் பிறந்து வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்குப் போன் போகவில்லை என்று பதறிப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துப் படம் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அப்புறம் கிளம்பிய நிவாரண லாரிகளும் மெயின் ரோட்டு ஊர்களிலேயே காலியாகிவிட்டன, உள்ளே இருக்கும் கிராமங்கள் காத்துக்கொண்டே இருந்தன.

2023 டிசம்பரில் இதற்கு இன்னும் பளிச்சென்று ஒரு காட்சி கிடைத்தது. மிக்ஜாம் புயல் மழையில் காரப்பாக்கத்தில் மாட்டிக்கொண்ட நடிகர் விஷ்ணு விஷால் நிலைமையைப் பதிவிட்டார், தீயணைப்புத் துறை படகில் வந்தது, மீட்ட பிறகு போட்ட படத்தில் ஆமிர் கானும் இருந்தார். நாடு முழுக்கச் செய்தி. விஷ்ணு விஷாலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அந்தப் பகுதியில் மற்றவர்களையும் மீட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அவரே சொன்னார். இரண்டு வாரம் கழித்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. போன்களில் சார்ஜ் தீர்ந்தது, சிக்னல் இல்லை. அவர்களுக்குச் சோறு போட்டது எந்த ஹேஷ்டேக்கும் இல்லை, பக்கத்து ஊர் மக்கள். அதனால் ஒரு ஊரிலிருந்து சத்தம் வரவில்லை என்றால் அங்கே எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்தப் பக்கம்தான் முதலில் ஆள் போக வேண்டும். வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்த ஊரிலிருந்து ஒரு கோரிக்கைகூட வரவில்லை என்று பார்ப்பதும் ஒரு தன்னார்வலர் வேலை, ரொம்ப முக்கியமான வேலை.

அரசாங்கமே இந்தப் பட்டியல் முறைக்குள் வந்தது 2021 கொரோனா இரண்டாம் அலையில். ஆக்சிஜன் படுக்கைக்காக ஜனங்கள் ட்விட்டரில் கெஞ்சிய நாட்கள் அவை. ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், சோஷியல் மீடியாவில் உதவி கேட்பவர்களை எந்த அரசும் ஒடுக்கினால் அது நீதிமன்ற அவமதிப்பாக எடுத்துக்கொள்ளப்படும் என்று எச்சரித்தது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த கட்டளை மையம் அமைத்து, 104 என்ற மருத்துவ உதவி எண்ணின் பெயரில் ஒரு ட்விட்டர் கணக்கையும் தொடங்கினார்கள். கேட்பவரிடம் நோயாளியின் எஸ்.ஆர்.எஃப். எண் (கொரோனா டெஸ்ட் எடுக்கும்போது தரும் எண்), ஆக்சிஜன் அளவு, எந்த ஊர் என்ற விவரங்களை வாங்கி வரிசைப்படுத்தினார்கள். படுக்கையே இல்லாத நாட்களில் மையம் இருந்தும் என்ன செய்ய முடியும் என்பது வேறு. ஆனாலும் ஃபாலோயர் அதிகம் உள்ளவர் போட்ட ட்வீட்டுக்கும் ஐந்து ஃபாலோயர் உள்ளவர் போட்ட ட்வீட்டுக்கும் ஒரே வரிசை என்று ஒரு ஏற்பாடு வந்ததே, அது சின்ன விஷயம் இல்லை.

மெரினாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜனவரி 17 அன்று கொஞ்சம் பேர் கூடி, வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் செய்தி பரவி, சில நாளில் கடற்கரையே நிறைந்தது. கூட்டம் சேர்க்க இதைவிட வேகமான கருவி இல்லை. தலைவர் இல்லை என்பதுதான் அதன் அழகு என்று அப்போது எல்லாரும் சொன்னோம். 21ஆம் தேதி ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்தபோது, இது போதுமா போதாதா, கலையலாமா வேண்டாமா என்று முடிவுசொல்ல அந்தக் கூட்டத்துக்கு வாய் இல்லை. 23ஆம் தேதி காலை போலீஸ் உள்ளே இறங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி அரிபரந்தாமன் வந்து சட்டத்தை விளக்கிச் சொன்னது அதற்குப் பிறகுதான். அன்றைய கலவரத்தில் எரிந்தது நடுக்குப்பத்து மீன் சந்தை, போராட்டக்காரர்களுக்கு அடைக்கலம் கொடுத்த கடற்கரை மக்களின் பிழைப்பு.

பெரிய சம்பவங்களை விடுங்கள், தினசரி விஷயத்துக்கு வருவோம். ரத்தம் கேட்டு வரும் செய்திகளில் பாதிக்குத் தேதியே இருக்காது. நோயாளி வீடு திரும்பி மாதக்கணக்கில் ஆன பிறகும், சில சமயம் நோயாளி இறந்துபோன பிறகும், நோயாளியோடு இருந்தவரின் எண்ணுக்குப் போன் வந்துகொண்டே இருக்கும், எடுத்துப் பதில் சொல்கிறவர் பாடு அவருக்குத்தான் தெரியும். ஒழுங்காக நடக்கும் ரத்ததானக் குழுக்களில் பொதுக் குழுவில் கோரிக்கையே போடமாட்டார்கள். யாருக்கு என்ன வகை, கடைசியாக எப்போது கொடுத்தார் என்று ஒருவர் கையில் பட்டியல் இருக்கும். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம், 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்து, தகுதியான நாலு பேரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்ட 'பாம்பே' வகை மாதிரி அபூர்வ ரத்தத்துக்கு ஊர் ஊராகப் பட்டியல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த மாதிரி இடத்தில் ஆயிரம் ஃபார்வர்டை விட ஒரு எக்செல் கோப்பு மேல்.

தெருப் பிரச்சினையும் இப்படித்தான். 'எங்கள் ஏரியாவைப் பாருங்கள், கேவலம்' என்று மந்திரியையும் மேயரையும் டேக் செய்து போடும் படத்துக்கு ஆறுதல் கமெண்ட் நிறைய வரும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படத்தில் தெரியும்படி எடுத்து, சென்னை மாநகராட்சியின் 1913இலோ 'நம்ம சென்னை' ஆப்பிலோ புகாரைப் பதிந்து, கிடைக்கும் புகார் எண்ணோடு எக்ஸ் தளத்தில் (பழைய ட்விட்டர்தான்) போட்டால் கதை வேறு. மழைநீர் வடிகால் மாநகராட்சி, சாக்கடை குடிநீர் வாரியம், கரண்ட் கேபிள் தொங்கினால் மின்வாரியம், சில ரோடுகள் நெடுஞ்சாலைத் துறை. தப்பான ஆளைத் திட்டினால் 'எங்கள் துறை அல்ல' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் இந்தப் புகார் எண்களை மட்டும் எழுதிவைத்து, வாரம் ஒருமுறை எது முடிந்தது எது நிற்கிறது என்று போட ஆரம்பித்தால், குட்மார்னிங் படங்களுக்கு நடுவிலும் அந்தத் தெருவில் விளக்கு எரியும்.

கஜாவுக்குப் பிறகு பேராவூரணிப் பக்கத்து இளைஞர்கள் கைஃபா என்று ஒரு விவசாயிகள் அமைப்பாகச் சேர்ந்து, 564 ஏக்கர் பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். புயல் நிவாரணத்துக்காகச் சேர்ந்த தொடர்புகள் அப்படியே குளத்துக்குத் திரும்பின, ஊர்க்காரர்களும் வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் பணம் கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, புயல் முடிந்ததும் குழுவைக் கலைக்காமல் அடுத்த வேலைக்கு மாற்றியதுதான். பெரும்பாலான நிவாரணக் குழுக்கள் தண்ணீர் வடிந்ததும் செத்துவிடும், அடுத்த மழைக்கு மறுபடி முதலிலிருந்து ஆள் தேட வேண்டும்.

கலைக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்றைச் செய்துவிட்டுக் கலையுங்கள். வெள்ளத்தின்போது திறந்த ஷீட்டில் என்ன இருக்கும்? தனியாக இருக்கும் பாட்டியின் பெயர், வீட்டு விலாசம், போன் எண், என்ன நோய், மகன் எந்த நாட்டில் என்பது வரை இருக்கும். லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று அவசரத்தில் வைத்ததை அப்புறம் யாரும் மூடுவதில்லை. உதவி முடிந்த வரிகளில் பெயரையும் எண்ணையும் அழித்துவிட்டு, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு, என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வார்டு கவுன்சிலரிடம் கொடுக்க அந்த மிச்சம் போதும்.